சப்நெட்டிங்: 32 பிட்டுக்குள் கோடு எங்கே விழுகிறது? முழுமையான வழிகாட்டி

சப்நெட்டிங் என்பது ஒரு நெட்வொர்க்கை சப்நெட் எனும் சின்னச் சின்ன நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. அதைப் படிக்க உட்காருகிறவர்கள் பலரும் முதல் நாளே ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். /24 என்றால் 254 மெஷின், /25 என்றால் 126, /26 என்றால் 62 என்று. அடுத்த வாரம் 172.20.93.14/20 என்று ஒன்று எதிரே வந்து நின்றால் அட்டவணை கைகொடுக்காது, ஏனென்றால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரியாது. நான் இதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குவேன். உங்கள் கணினி ஒரு பாக்கெட்டை, அதாவது ஒரு தகவல் துண்டை, அனுப்பும் முன் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: இது போய்ச் சேரவேண்டிய இடம் என்னுடைய நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால் நேராகக் கொடுக்கும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது ரௌட்டரிடம், ஒப்படைத்துவிடும். ஐபி அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே என்று மூன்று கட்டங்களை நாம் நிரப்புகிறோமே, அது மூன்றும் இந்தக் கேள்விக்காகத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் கணக்கு, அதுவும் சின்னக் கணக்கு.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே போனால் புரிந்த மாதிரி இருக்கும், எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

படி 1: நான்கு எண்கள் நமக்காக, மெஷினுக்கு 32 பிட்

192.168.10.77 என்று நாம் எழுதுவது நம் கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்பதற்காக. உள்ளே இருப்பது 32 பிட், அதாவது வரிசையாக 32 பூஜ்ஜியங்களும் ஒன்றுகளும். அதை எட்டு எட்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சாதாரண எண்ணாக மாற்றி, நடுவில் புள்ளி வைக்கிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஆக்டெட் என்று பெயர். எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 255, அதனால்தான் 256 என்று எந்த இடத்திலும் வராது.

எட்டு பிட்டுக்கும் இடதிலிருந்து வலம் இந்த மதிப்புகள்: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. இந்த ஒரு வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். 77-ஐ பைனரியில் எழுத வேண்டுமா? 77-இல் 128 அடங்குமா, அடங்காது, 0. 64 அடங்குமா, அடங்கும், 1, மீதி 13. 32 இல்லை, 0. 16 இல்லை, 0. 8 அடங்கும், 1, மீதி 5. 4 அடங்கும், 1, மீதி 1. 2 இல்லை, 0. 1 அடங்கும், 1. ஆக 01001101. பத்து எண்களுக்கு இப்படிச் செய்தால் கை தானாக ஓடும்.

படி 2: மாஸ்க் என்பது கோடு

இந்த 32 பிட்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இடதுபக்கம் இருக்கும் சில பிட்டுகள் எந்த நெட்வொர்க் என்று சொல்கின்றன, வலதுபக்கம் மீதி இருப்பவை அந்த நெட்வொர்க்குக்குள் எந்த மெஷின் என்று சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. ஐபி அட்ரஸை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்தக் கோடு தெரியாது. அதைக் காட்டுவதற்குத்தான் சப்நெட் மாஸ்க். நெட்வொர்க் பகுதியில் எல்லாம் 1, ஹோஸ்ட் பகுதியில், அதாவது மெஷினைச் சொல்லும் பகுதியில், எல்லாம் 0 என்று எழுதினால் அதுதான் மாஸ்க். 24 ஒன்றுகள், 8 பூஜ்ஜியங்கள் என்றால் 255.255.255.0. இதையே சுருக்கி /24 என்கிறோம். சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண், இடதிலிருந்து எத்தனையாவது பிட்டுக்குப் பிறகு கோடு விழுகிறது என்பதைச் சொல்கிறது. அதற்கு பிரிஃபிக்ஸ் நீளம் என்று பெயர்.

ஒன்றுகள் எப்போதும் இடதிலிருந்து இடைவெளி இல்லாமல் வரும் என்பதால், மாஸ்கின் ஓர் ஆக்டெட்டில் வரக்கூடிய எண்கள் மொத்தம் ஒன்பதுதான்: 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255. மாஸ்கில் 255.255.255.230 என்று யாராவது எழுதியிருந்தால் அது பிழை, யோசிக்கவே வேண்டாம்.

முன்பு இந்தக் கோடு இஷ்டப்பட்ட இடத்தில் விழாது. 1981-இல் ஐபிவி4, அதாவது நாம் பார்க்கும் இந்த 32 பிட் முறை, வரையறுக்கப்பட்டபோது அட்ரஸின் முதல் சில பிட்டுகளை வைத்தே கோடு முடிவானது: கிளாஸ் ஏ என்றால் 8, கிளாஸ் பி என்றால் 16, கிளாஸ் சி என்றால் 24. இதில் பெரிய சிக்கல் இருந்தது. 600 மெஷின் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு 254 மட்டும் கொடுக்கும் கிளாஸ் சி போதாது, கிளாஸ் பி கொடுத்தால் 65,534 இடங்களில் பெரும்பகுதி வீண். ஒரு நெட்வொர்க்கை உள்ளுக்குள் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ளும் முறை 1985-இல் வரையறையாக வந்தது, கிளாஸையே தூக்கிப்போட்டுவிட்டு கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்ற சைடர் முறை 1993-இல் வந்தது. இன்றைக்கும் சிலர் 192 என்று தொடங்கினாலே கிளாஸ் சி, அதனால் மாஸ்க் 255.255.255.0 என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 192.168.0.0/20 என்று வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

படி 3: மெஷின் செய்யும் கணக்கைக் கையால் செய்து பார்ப்பது

192.168.10.77/26 என்று ஒரு மெஷினுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது?

26 பிட் என்றால் முதல் மூன்று ஆக்டெட்டும் முழுசாக நெட்வொர்க் பக்கம், நான்காவதிலிருந்து இன்னும் 2 பிட். ஆக மாஸ்க் 255.255.255.192. முதல் மூன்று எண்களைத் தொடவே வேண்டாம், அப்படியே இருக்கும். நான்காவதை மட்டும் எழுதுவோம்:

77 = 01001101
192 = 11000000
விடை = 01000000 = 64

இரண்டிலும் 1 இருந்தால்தான் கீழே 1, இல்லாவிட்டால் 0. இதற்கு ஆண்ட் கணக்கு என்று பெயர். நெட்வொர்க் அட்ரஸ் 192.168.10.64. ஹோஸ்ட் பகுதியான கடைசி 6 பிட்டும் 0 ஆக இருக்கும் இடம் இது. அந்த 6 பிட்டையும் 1 ஆக்கினால் 01111111, அதாவது 127. 192.168.10.127 இதன் பிராட்காஸ்ட் அட்ரஸ், அந்த சப்நெட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூப்பாடு போடுவதற்கானது. நடுவில் 65 முதல் 126 வரை மெஷின்களுக்கு, மொத்தம் 62.

இப்போது இந்த மெஷின் 192.168.10.130-க்கு ஒன்று அனுப்ப நினைக்கிறது. 130-ஐயும் தன்னுடைய மாஸ்கையும் வைத்து அதே ஆண்ட் கணக்கைப் போடும்: 10000010-உம் 11000000-உம் சேர்ந்து 10000000, அதாவது 128. தன்னுடையது 64, இது 128, இரண்டும் வேறு. வெளியே இருக்கிறது, கேட்வேயிடம் கொடு. இதுவே 192.168.10.100 என்றால் 64 வந்திருக்கும், அப்போது ஏஆர்பி என்ற விசாரிக்கும் முறை மூலம் 100 யார், உன் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) என்ன என்று உள்ளுக்குள்ளேயே கேட்டு நேராக அனுப்பிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எதிர்முனை எந்த மாஸ்க் வைத்திருக்கிறது என்பது அனுப்புகிற மெஷினுக்குத் தெரியாது. தன்னுடைய மாஸ்கை வைத்து மட்டுமே தீர்மானிக்கிறது. ஒரே சப்நெட்டில் இருக்கும் இரண்டு மெஷின்களுக்கு வேறு வேறு மாஸ்க் கொடுத்துவிட்டால் வரும் தலைவலி இதிலிருந்து பிறப்பதுதான், அதைப் படி 7-இல் விரிவாகச் சொல்கிறேன்.

படி 4: பைனரி எழுதாமல் போடும் குறுக்குவழி

ஒவ்வொரு முறையும் பைனரி எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மேலே இருப்பதைப் பத்துப் பதினைந்து தடவையாவது கையால் செய்த பிறகுதான் இந்தக் குறுக்குவழிக்கு வாருங்கள், இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு மனப்பாடமாகப் போய்விடும்.

மாஸ்கில் 255-ஆகவும் 0-ஆகவும் இல்லாத ஆக்டெட் எது என்று பாருங்கள். கோடு அதற்குள்தான் விழுகிறது. 256-இலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். கிடைப்பது பிளாக் அளவு. சப்நெட்டுகள் அந்த அளவின் மடங்குகளில்தான் தொடங்கும். /26-க்கு 256 - 192 = 64, ஆக 0, 64, 128, 192. 77 எதற்குள் விழுகிறது? 64-க்கும் 128-க்கும் நடுவில். முடிந்தது.

முதலில் சொன்ன 172.20.93.14/20-க்கு வருவோம், பலர் தடுமாறுவது இந்த மாதிரிக் கணக்கில்தான். 20 பிட் என்றால் இரண்டு முழு ஆக்டெட், மூன்றாவதில் 4 பிட். மாஸ்க் 255.255.240.0. கோடு மூன்றாவது ஆக்டெட்டில். 256 - 240 = 16. மூன்றாவது எண் 93. பதினாறின் மடங்குகளில் 93-ஐத் தாண்டாத பெரியது 80, அடுத்தது 96. ஆக நெட்வொர்க் 172.20.80.0, அடுத்த சப்நெட் 172.20.96.0-இல் தொடங்குகிறது, அதற்கு ஒன்று முன்னால் இருப்பது பிராட்காஸ்ட்: 172.20.95.255. பயன்படுத்தக்கூடிய அட்ரஸ்கள் 172.20.80.1 முதல் 172.20.95.254 வரை. 12 ஹோஸ்ட் பிட் இருப்பதால் 4096, அதில் 2 போக 4094.

இந்த சப்நெட்டில் 172.20.85.0 என்ற அட்ரஸை ஒரு மெஷினுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். 172.20.85.255? அதுவும் கொடுக்கலாம். கடைசி எண் 0 என்றாலே நெட்வொர்க், 255 என்றாலே பிராட்காஸ்ட் என்று /24-ஐ மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் நம்ப மறுப்பார்கள். ஹோஸ்ட் பகுதி முழுவதும் 0 ஆக இருக்கிறதா, முழுவதும் 1 ஆக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 85.255-இல் கோட்டுக்கு வலப்புறம் இருக்கும் 12 பிட்டில் முதல் நான்கு 0101, அதனால் அது சாதாரண ஹோஸ்ட் அட்ரஸ். நடைமுறையில் குழப்பம் வேண்டாமென்று இவற்றை ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு, அது தவறில்லை, ஆனால் ஏன் ஒதுக்குகிறோம் என்று தெரிந்து ஒதுக்க வேண்டும்.

படி 5: எத்தனை மெஷின், அதற்கு எத்தனை பிட்

ஹோஸ்ட் பகுதியில் எத்தனை பிட் இருக்கிறதோ, 2-ஐ அத்தனை முறை பெருக்கி, 2 கழித்தால் எத்தனை மெஷின் என்பது கிடைக்கும். கழிக்கும் இரண்டில் ஒன்று நெட்வொர்க் அட்ரஸ், இன்னொன்று பிராட்காஸ்ட். /30 என்றால் 2 பிட், 4 கழித்தல் 2, இரண்டு மெஷின். இரண்டு ரௌட்டர்களை நேராக இணைக்கும் லிங்குகளுக்கு இதைத்தான் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். நான்கு அட்ரஸில் பாதி வீணாகிறதே என்று 2000-இல் /31-ஐ இத்தகைய லிங்குகளுக்கு அனுமதித்தார்கள், அங்கே பிராட்காஸ்ட்டுக்கு வேலையே இல்லை என்பதால் இரண்டையும் பயன்படுத்தலாம். /32 என்றால் ஒரே ஒரு அட்ரஸ். ரௌட்டரின் லூப்பேக் இன்டர்ஃபேஸ் (கேபிள் இல்லாமல் மென்பொருளிலேயே இருக்கும் இணைப்பு), ஃபயர்வால் விதி மாதிரியான இடங்களில் இதைப் பார்ப்பீர்கள்.

கேட்வேக்கும் ஓர் அட்ரஸ் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 62 என்று கணக்கு வந்தால் மெஷின்களுக்கு 61தான். கிளவுடில் இன்னும் கொஞ்சம் போகும்: அமேசான் ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து அட்ரஸ்களைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது, முதல் நான்கும் கடைசி ஒன்றும். அங்கே /28 போட்டால் 14 வரும் என்று நினைத்து 11-இல் நிற்பீர்கள்.

படி 6: ஒரு பிளாக்கைப் பிரித்துப் பார்ப்போம்

உங்களிடம் 10.40.8.0/22 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1024 அட்ரஸ், 10.40.8.0-இலிருந்து 10.40.11.255 வரை. வேண்டியது இவ்வளவு: வைஃபைக்கு 400, மேசைக் கணினிகளுக்கு 120, கேமராக்களுக்கு 50, சர்வர்களுக்கு 20, ஒரு ரௌட்டர் லிங்குக்கு 2.

எல்லாவற்றையும் ஒரே சப்நெட்டில் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், வேலையும் செய்யும். ஆனால் ஒரு மெஷின் பிராட்காஸ்ட் செய்தால் மற்ற 590 பேருக்கும் போய்ச் சேரும், வைஃபையில் விருந்தாளியாக வந்து இணைந்த போன் சர்வரை நேரடியாகத் தட்டலாம், நடுவில் ஃபயர்வால் விதி போட இடமே இருக்காது. ஒரு கேமரா கோளாறாகி நெட்வொர்க்கில் குப்பையைக் கொட்டினால் எல்லோரும் படுத்துவிடுவார்கள். சப்நெட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு விலேனில், அதாவது ஸ்விட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில், வைத்தால் இந்தக் கஷ்டங்கள் அந்தந்த எல்லைக்குள்ளேயே நிற்கும்.

பெரியதிலிருந்து தொடங்குங்கள். 400-க்கு 9 பிட் வேண்டும், 510 கிடைக்கும், ஆக /23: 10.40.8.0/23, இது 10.40.9.255 வரை போகும்.

அடுத்து 120. கணக்குப்படி /25 போதும், 126 கிடைக்கும். ஆனால் நான் அப்படிக் கொடுக்க மாட்டேன். கேட்வே ஒன்று போனால் மிச்சம் ஐந்துதான், ஆறு மாதத்தில் புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்தால் எங்கே போவது? இடம் இருக்கிறது, 10.40.10.0/24 கொடுத்துவிடுவேன். சப்நெட்டிங் பாடத்தில் வீணாக்காதே என்று சொல்லிச்சொல்லியே நம்மைக் கஞ்சர்களாக்கிவிட்டார்கள். உள்ளுக்குள் மட்டும் பயன்படும் தனிப்பட்ட அட்ரஸ்கள் தாராளமாக இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் ஓர் இரவு உட்கார்ந்து எல்லா அட்ரஸையும் மாற்றுவது இருக்கிறதே, அதைவிட நூறு அட்ரஸ் சும்மா கிடப்பது எவ்வளவோ மேல்.

கேமராக்கள் 50: /26, 62 கிடைக்கும். 10.40.11.0/26, 0 முதல் 63 வரை. சர்வர்கள் 20: /27, 30 கிடைக்கும். 10.40.11.64/27, 64 முதல் 95 வரை. ரௌட்டர் லிங்க்: 10.40.11.96/30, 96 முதல் 99 வரை. மீதி 10.40.11.100 முதல் 255 வரை கையில் இருக்கிறது, அதில் 10.40.11.128/25 முழுசாகப் பிரியாமல் கிடக்கிறது என்பதுதான் நல்ல விஷயம், நாளைக்கு எது வந்தாலும் அதில் வைக்கலாம்.

இப்படி ஒரே பிளாக்கை வேறு வேறு அளவுகளில் வெட்டுவதற்கு விஎல்எஸ்எம் என்று பெயர். ஏன் பெரியது முதலில்? ஒரு சப்நெட் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும் என்று படி 4-இல் பார்த்தோம். /23-க்கு மூன்றாவது ஆக்டெட் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். 10.40.9.0/23 என்று ஒரு நெட்வொர்க்கே கிடையாது, அந்த அட்ரஸ் 10.40.8.0/23-க்குள் இருக்கும் ஒரு ஹோஸ்ட் மட்டுமே. சின்னதை முன்னால் அங்கங்கே வைத்துவிட்டால் மொத்த இடம் போதுமானதாக இருந்தும் பெரியதற்கு ஒழுங்கான இடம் கிடைக்காமல் போகும்.

இன்னொரு பலனும் உண்டு. இந்த ஐந்து சப்நெட்டும் ஒரே /22-க்குள் இருப்பதால், வெளியே இருக்கும் ரௌட்டருக்கு 10.40.8.0/22 என்ற ஒரே வழியைச் சொன்னால் போதும். உள்ளே இருக்கும் ரௌட்டர் தன்னிடம் உள்ள விவரமான வழிகளைப் பார்த்துப் பிரித்துவிடும். ஓர் அட்ரஸுக்கு இரண்டு வழிகள் பொருந்தினால், கோடு எதில் வலதுபக்கம் தள்ளி இருக்கிறதோ அதையே ரௌட்டர் எடுக்கும். /22-உம் /27-உம் பொருந்தினால் /27 ஜெயிக்கும். எதுவுமே பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது 0.0.0.0/0, அதுதான் டீஃபால்ட் ரௌட். பூஜ்ஜியம் பிட் ஒத்துப்போனால் போதும் என்று அர்த்தம், அதனால் எல்லாமே அதில் பொருந்தும்.

எந்த பிளாக்கை எடுப்பது?

உள்ளுக்குள் பயன்படுத்த 1996 வரையறைப்படி மூன்று வரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் இருப்பதைக் கவனமாகப் பாருங்கள். /12 என்றால் பிளாக் அளவு 16, ஆக 172.16-இலிருந்து 172.31 வரைதான் தனிப்பட்டது. 172.32 இன்டர்நெட்டில் வேறு யாருடையதோ. இந்த மூன்று வரிசைகளின் அட்ரஸ்கள் இன்டர்நெட்டில் செல்லாது, வெளியே போகும்போது ரௌட்டர் தன்னுடைய பொது அட்ரஸாக மாற்றி அனுப்பும், அதுதான் நாட். ஐபிவி4-இல் மொத்தமே 4,294,967,296 அட்ரஸ்தான், உலக அளவில் ஒதுக்கிக் கொடுக்கும் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஐபிவி4 ஓடிக்கொண்டிருப்பதற்கு நாட் ஒரு முக்கியக் காரணம். சேவை நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலேயே இன்னொரு நாட் போட 100.64.0.0/10 என்ற வரிசையை வைத்துக்கொள்கின்றன. உங்கள் ரௌட்டரின் வெளிப்பக்க அட்ரஸ் 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால், வெளியிலிருந்து உங்கள் வீட்டு மெஷினை நேரடியாக எட்ட முடியாததற்குக் காரணம் அதுதான், போர்ட் ஃபார்வர்டு போட்டு மணிக்கணக்கில் போராட வேண்டாம்.

அலுவலக நெட்வொர்க்கைப் புதிதாக அமைக்கிறீர்கள் என்றால் 192.168.0.0/24, 192.168.1.0/24 இரண்டையும் தொடாதீர்கள். ஏராளமான வீட்டு ரௌட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே இவற்றில்தான் வருகின்றன. வீட்டிலிருந்து விபிஎன் போடும் ஊழியரின் மெஷின் 192.168.1.20-ஐத் தேடும்போது படி 3-இன் கணக்கைப் போட்டு, இது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று முடிவெடுத்துவிடும், பாக்கெட் விபிஎன்னுக்குள் போகவே போகாது. 172.17.0.0/16-உம் வேண்டாம், டாக்கர் (மென்பொருள்களைக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) முதலில் எடுத்துக்கொள்ளும் வரிசை அது. 10.0.0.0/8-க்குள் யாரும் நினைக்காத ஓர் எண்ணை இரண்டாவது ஆக்டெட்டாக வைத்து அங்கே தொடங்குவது என் வழக்கம்.

படி 7: கோடு தவறாக விழுந்தால்

ஓர் அலுவலகத்தில் புதிதாக வைத்த பிரிண்டர் பாதிப் பேருக்கு மட்டும் வேலை செய்தது. கேபிளை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினார்கள். நான் போனபோது முதலில் கேட்டது, யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, அவர்களின் ஐபி என்ன என்பதுதான். வேலை செய்தவர்கள் அனைவருக்கும் கடைசி எண் 130-க்கு மேல். வேலை செய்யாதவர்கள் எல்லோரும் 128-க்குக் கீழே. அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிட்டது.

எல்லாக் கணினிகளும் 192.168.1.0/24-இல், கேட்வே 192.168.1.1. பிரிண்டருக்கு 192.168.1.200 என்று சரியாகக் கொடுத்துவிட்டு மாஸ்கை 255.255.255.128 என்று அடித்திருந்தார்கள். 192.168.1.50-இல் இருக்கும் கணினி தன் /24 கணக்குப்படி பிரிண்டர் உள்ளேதான் இருக்கிறது என்று நேராக அனுப்புகிறது, பாக்கெட் போயும் சேர்கிறது. பிரிண்டர் பதில் அனுப்ப நினைக்கும்போது தன் மாஸ்கை வைத்துக் கணக்குப் போடுகிறது: நான் 128 முதல் 255 வரை உள்ள நெட்வொர்க், 50 வெளியே இருக்கிறது, கேட்வேக்கு அனுப்பு. ஆனால் கேட்வேயான .1-உம் அதன் கணக்கில் வெளியேதான் இருக்கிறது, எட்டவே முடியாது. பதில் அங்கேயே செத்துப்போகிறது. ஓர் எண்ணை 0 என்று மாற்றியதும் எல்லோருக்கும் அச்சு வந்தது.

அதனால் எந்த நெட்வொர்க் புகார் வந்தாலும் நான் பார்க்கும் வரிசை இது. மெஷினின் ஐபி, மாஸ்க், கேட்வே மூன்றையும் எழுதிக்கொள்வேன். விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் கட்டளை காட்டும். ஐபி 169.254 என்று தொடங்கினால் மாஸ்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், மெஷின்களுக்கு அட்ரஸ் வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து அது கிடைக்காமல் மெஷின் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், கேபிளையும் விலேனையும் டிஹெச்சிபியையும் பாருங்கள். அப்புறம், கேட்வே மெஷினின் சப்நெட்டுக்குள் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். அடுத்து எதிர்முனையின் மாஸ்கையும் போய்ப் பாருங்கள், ஏனென்றால் பாதித் தவறுகள் அங்கேதான் இருக்கும். முதலில் கேட்வேக்கு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை), பிறகு அதே சப்நெட்டில் இன்னொரு மெஷினுக்கு, கடைசியாக வெளியே. உள்ளே எல்லோரையும் எட்டி வெளியே மட்டும் போகவில்லையென்றால் கேட்வே பக்கம் தேடுங்கள். உள்ளேயே சிலரை எட்டி சிலரை எட்டவில்லையென்றால் மாஸ்க் மேல்தான் என் முதல் சந்தேகம்.

ஐபிவி6-இல் இந்தக் கணக்கு என்ன ஆகிறது?

கோடு அங்கேயும் இருக்கிறது, எண்ணிக்கைக் கவலைதான் இல்லை. ஓர் அட்ரஸுக்கு 128 பிட். சாதாரண லேன் (உள்ளூர் நெட்வொர்க்) ஒவ்வொன்றுக்கும் /64 கொடுத்துவிடுவது வழக்கம், அதில் 10 மெஷின் இருந்தாலும் 10,000 இருந்தாலும் அதே /64. உங்களுக்கு /56 கிடைத்தால் 256 லேன், /48 கிடைத்தால் 65,536 லேன். எத்தனை மெஷின் என்று எண்ணி வெட்டும் வேலை போய், எத்தனை லேன், எந்தக் கிளைக்கு எது என்று திட்டமிடும் வேலை வருகிறது. எழுதுவது பதினாறடிமான எண்ணில் (0 முதல் 9, a முதல் f) என்பதால் ஒவ்வோர் எழுத்துக்கும் 4 பிட். /48, /52, /56 என்று நான்கின் மடங்கில் வெட்டினால் கோடு எழுத்துகளுக்கு நடுவில் சுத்தமாக விழும், கண்ணால் பார்த்தே படிக்கலாம். பிராட்காஸ்ட் என்பதே கிடையாது, ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்பும் மல்டிகாஸ்ட்தான். ஐபிவி4 கணக்கு கைவந்தவருக்கு இது ஒரு மாலை நேரத்து வேலை.

கையால் போட்டுப் பாருங்கள்

விடையைப் பார்க்கும் முன் தாளில் எழுதிவிடுங்கள். கால்குலேட்டர் இணையதளங்கள் இருக்கின்றன, அன்றாட வேலையில் நானும் சரிபார்க்கப் பயன்படுத்துகிறேன், ஆனால் கற்றுக்கொள்ளும் வாரத்தில் அவற்றைத் திறக்காதீர்கள்.

முதல் கணக்கு: 192.168.5.200/28 எந்த சப்நெட்டில்? இரண்டாவது: 172.16.150.9/19-இன் நெட்வொர்க்கும் பிராட்காஸ்ட்டும் என்ன? மூன்றாவது: 192.168.7.94, 192.168.7.97 இரண்டும் /27 மாஸ்கில் இருந்தால் ஒன்றையொன்று நேராகப் பேசிக்கொள்ள முடியுமா? நான்காவது, கொஞ்சம் பயமுறுத்தும், ஆனால் வழி அதேதான்: 10.77.3.3/11.

விடைகள். முதலாவதில் பிளாக் 16, 200-ஐத் தாண்டாத மடங்கு 192, ஆக 192.168.5.192, பிராட்காஸ்ட் 207, நடுவில் 14 மெஷின். இரண்டாவதில் மாஸ்க் 255.255.224.0, பிளாக் 32, 150-க்குக் கீழே 128, அடுத்தது 160, ஆக 172.16.128.0 முதல் 172.16.159.255 வரை. மூன்றாவதில் 94 இருப்பது 64 முதல் 95 வரையுள்ள சப்நெட்டில், 97 இருப்பது 96-இல் தொடங்கும் அடுத்ததில், எண்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நடுவில் ரௌட்டர் வேண்டும். நான்காவதில் கோடு இரண்டாவது ஆக்டெட்டில், மாஸ்க் 255.224.0.0, பிளாக் 32, 77-க்குக் கீழே 64, ஆக 10.64.0.0 முதல் 10.95.255.255 வரை, 2,097,150 மெஷின்களுக்கு இடம். நான்கும் சரியாக வந்திருந்தால் உங்கள் வீட்டு ரௌட்டரையே திறந்து, அதில் என்ன மாஸ்க் இருக்கிறது, டிஹெச்சிபி எந்த அட்ரஸிலிருந்து எதுவரை கொடுக்கிறது, கேட்வே எது என்று பாருங்கள். தவறாக வந்திருந்தால் அந்த ஆக்டெட்டை மட்டும் பைனரியில் எழுதி, கோட்டைப் பேனாவால் போட்டு, படி 3-இல் செய்த மாதிரி திரும்பச் செய்யுங்கள்.